கடலைக் காக்கும் சட்டமும் கரையின் கூலியும்

சுற்றுச்சூழல் சட்டம் வேலையைப் பறிக்கிறதா, கொடுக்கிறதா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் நல்ல சோதனைக்களம் ஒன்று உண்டென்றால் அது இராமநாதபுரம் கடற்கரைதான். சுமார் 237 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கரைக்கு ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. தூத்துக்குடி தொடங்கி இராமேசுவரம் வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989இல் அதைச் சுற்றிய 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டது. 2001இல் கடலட்டை, கடல்குதிரை, பவளம் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. அதே ஆண்டு விசைப்படகுகளுக்கு 45 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 2017இல் அது 61 நாளாக நீண்டது. வானம் பார்த்த பூமியும் கடலும் தவிர வேறு பிழைப்பு அதிகம் இல்லாத மாவட்டம் இது. இங்கே ஒரு தடை போட்டால் அது யாரோ ஒருவருடைய அடுப்பைத் தொடாமல் போகாது. யாருடைய அடுப்பை, எத்தனை நாளுக்கு என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

இதைப் பற்றிய பேச்சு வழக்கமாக இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். தடை போட்டால் ஆயிரக்கணக்கானோர் பிழைப்பு போச்சு என்பது ஒரு கட்சி. தடை போடாவிட்டால் பத்து வருடத்தில் பிடிக்க மீனே இருக்காது, அப்போது எல்லாருடைய பிழைப்பும் போகும் என்பது மறு கட்சி. இரண்டும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன: மொத்தம் எத்தனை வேலை கூடியது, எத்தனை குறைந்தது. ஆனால் இந்தக் கரையில் நாற்பது ஆண்டுகளாக நடந்திருப்பதைப் பார்த்தால், மொத்தக் கணக்கு எதையும் விளக்கவில்லை. சூழல் சட்டம் பெரும்பாலும் வேலையை நகர்த்துகிறது: ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, இந்த ஆண்டிலிருந்து வரும் ஆண்டுக்கு. இழப்பவரும் பிறகு பெறுபவரும் ஒரே ஆள் என்றால் அந்தச் சட்டம் முணுமுணுப்போடாவது நிலைக்கிறது. இழப்பு ஒருவருக்கும் ஆதாயம் இன்னொருவருக்கும் என்றால் பிழைப்பும் கெடுகிறது, கடலும் காக்கப்படுவதில்லை.

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. பாரிஸ் ஒப்பந்தப்படி நாடுகள் நடந்தால் 2030க்குள் 2.4 கோடி புதிய வேலைகள் பிறக்கும், 60 இலட்சம் வேலைகள் மறையும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணித்தது. நிகர வரவு 1.8 கோடி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் காகிதக்கூழ், பிளாஸ்டிக், பெட்ரோலியம், எஃகு ஆகிய நான்கு துறைகளை ஆராய்ந்து 2002இல் வெளியான மார்கன்ஸ்டர்ன் குழுவினரின் ஆய்வு, மாசுக் கட்டுப்பாட்டுச் செலவால் வேலைவாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று கண்டது. ஆனால் அதே நாட்டில் 1990இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டத்தை எடுத்துக்கொண்டு, ஆலைகளை எண்ணாமல் ஆட்களைத் தொடர்ந்து சென்று பார்த்தார் பொருளியலாளர் ரீட் வாக்கர். 2013இல் அவர் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. கட்டுப்பாட்டுக்குள் வந்த துறையின் சராசரித் தொழிலாளி அடுத்து வந்த ஆண்டுகளில் மொத்தமாக இழந்த தொகை, அவருடைய முந்தைய ஆண்டு வருமானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. அந்த இழப்பில் பெரும்பகுதி வேலை போனவர்களுடையது: சும்மா இருந்த காலமும், பிறகு கிடைத்த வேலையின் குறைந்த சம்பளமும். துறையின் கணக்கு ஏறக்குறைய நேராக இருந்தது. ஆளின் கணக்கில் துண்டு விழுந்தது. இரண்டு ஆய்வும் சரிதான். எந்தக் கணக்கைப் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒரு கட்டுப்பாடு வேலையைக் காப்பாற்றும் என்பது எப்படி என்று பார்த்துவிடுவோம்; அது வெறும் உபதேசமல்ல, கணக்கு. கனடாவின் பொருளியலாளர் ஸ்காட் கார்டன் 1954இல் விளக்கியது இது. யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்ற கடலில், இலாபம் இருக்கும்வரை புதுப் படகு வந்துகொண்டே இருக்கும். எல்லாருடைய இலாபமும் தேய்ந்து செலவுக்கும் வரவுக்கும் சரியாகப் போகும்போதுதான் அது நிற்கும். அந்த நிலையில் படகுகள் நிறைய, ஆட்கள் நிறைய, கூலியோ அற்பம். இராமேசுவரம் மீன்பிடித் துறைமுகத்தில் இழுவைமடிப் படகு இறக்கும் மீனில் ஒரு பகுதியைச் ‘சங்காயம்’ என்று தனியாகக் கொட்டுவார்கள். உணவுக்கு ஆகாத சிறு உயிரினங்களோடு, வளர விட்டிருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும் மீன்களின் குஞ்சுகளும் அதில் கிடக்கும். காய்ந்து கோழித்தீவனத்துக்கோ உரத்துக்கோ போகும் அந்தக் குவியலில், பிறகு யாரோ பிடித்திருக்க வேண்டிய மீனும் அதைப் பிடித்து, பிரித்து, விற்றுக் கிடைத்திருக்க வேண்டிய கூலியும் கலந்திருக்கின்றன. அதனால் மடியின் கண்ணளவையோ இழுக்கும் நாளையோ கட்டுப்படுத்தினால், அது வருங்கால வேலையை இன்றைய சங்காயக் குவியலிலிருந்து மீட்பதாகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் இந்தத் தர்க்கத்தின் எளிய வடிவம். பல மீனினங்கள் முட்டையிடும் பருவத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. இழப்பவர் விசைப்படகுக்காரர், தடை முடிந்து முதல் நாள் கடலுக்குப் போய் நிறைந்த மடியோடு திரும்புபவரும் அவரே. நடுவில் நாட்டுப்படகுக்காரர் வழக்கம்போல் கடலுக்குப் போகலாம். வரத்து குறைந்திருப்பதால் அவர் மீனுக்கு விலையும் கூடும். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றவும் வர்ணம் பூசவும் எஞ்சினைப் பிரித்துப் போடவும் இந்த இரண்டு மாதம்தான் என்பதால் தச்சருக்கும் மெக்கானிக்குக்கும் இது வேலைப் பருவம். தேதி எல்லாருக்கும் ஒன்று, முன்கூட்டியே தெரியும், வருடந்தோறும் வரும். தடையின் நீளத்தைப் பற்றியும் மாதத்தைப் பற்றியும் சங்கங்கள் சண்டை போடுகின்றன. தடையே கூடாது என்று சொல்பவர் குறைவு. இரண்டு தசாப்தத்துக்கு மேலாக இந்தச் சட்டம் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் வரவும் செலவும் பெரும்பாலும் ஒரே பேரேட்டில் எழுதப்படுவதுதான்.

பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது; 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். எட்டாயிரத்தை 61 நாளால் வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய். தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு 2025-26இல் நிர்ணயிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். அரசாங்கமே ஒரு நாள் உழைப்புக்குப் போட்ட குறைந்தபட்ச விலையில் பாதிகூட, தானே நிறுத்திவைத்த தொழிலாளிக்குக் கொடுப்பதில்லை. படகு உரிமையாளர் இதைச் சேமிப்பில் சமாளிப்பார். பங்குக்குக் கடலுக்குப் போகிறவர் வட்டிக்கு வாங்குவார். துறைமுகத்து ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், மீன் பிரிக்கும் பெண் ஆகியோர் மீனவர் பட்டியலில் இல்லாவிட்டால் அந்த 131 ரூபாயும் இல்லை. இருப்பதில் நன்றாக வகுக்கப்பட்ட சட்டத்திலேயே ஓரத்தில் இத்தனை பேர் விடுபட்டுப் போகிறார்கள்.

நன்றாக வகுக்கப்படாததற்கு உதாரணம் பாசி எடுக்கும் பெண்கள். பாம்பன் சின்னப்பாலம், மண்டபம், பாரதிநகர் எனப் பல ஊர்ப் பெண்களுக்குக் கடற்பாசி எடுப்பதே தொழில். கண்ணில் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணிக்கீற்று, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி, பாறையிலிருந்து பாசியைப் பிய்த்துப் பையில் அடைத்து மேலே வந்து, மறுபடி மூழ்குவார்கள். பவளப்பாறையின் கீறலுக்கும் ஜெல்லிமீன் கடிக்கும் அந்தத் துணிதான் கவசம். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் தயாரிக்க மதுரைப் பக்க ஆலைகளுக்குப் போகும், கட்டக்கோரை ஆல்ஜினேட்டுக்கு. 1960களிலிருந்து வணிகமாக நடந்துவரும் இந்தத் தொழிலின் சுரங்கம் தீவுகளைச் சுற்றிய ஆழம் குறைந்த கடல். அதுதான் 1986இல் தேசியப் பூங்காவுக்குள் போயிற்று. ஒரு பரப்பைப் பூங்காவாக அறிவிக்கும்போது அங்கே யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று மாவட்ட ஆட்சியர் விசாரிக்க வேண்டும் என்கிறது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். பட்டா இல்லாத கடலில், இரசீது இல்லாத தொழிலில் மூழ்கும் பெண்ணின் உரிமை அந்த விசாரணைக்குள் எளிதில் அகப்படாது. 2000களில் காவல் இறுகியபோது, அம்மா காலத்திலிருந்து செய்துவந்த தொழிலுக்கு வனத்துறையின் பதிவேட்டில் அத்துமீறல் என்று பெயர் வந்தது.

தடைக்காலத்தோடு இதை வைத்துப் பாருங்கள். பூங்கா காக்கும் பவளத்திட்டுகளில் வளரும் மீன் வெளியே வந்து விசைப்படகின் மடியிலும் நாட்டுப்படகின் வலையிலும் விழும். ஆதாயம் மீன் பிடிப்பவருக்கு, நட்டம் பாசி எடுப்பவருக்கு. அந்தப் பெண்கள் செய்த பதிலோ கவனிக்கத்தக்கது. தங்களுக்குள் கூடி விதி போட்டுக்கொண்டார்கள்: அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பிறகு ஆறு ஆறு நாளாக மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் மட்டும் இறங்குவது, இரும்புச் சுரண்டியைத் தொடுவதில்லை, வேர்ப்பிடியை விட்டுவிட்டுப் பாசியைக் கையால் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களும் நிறுத்திவைப்பது. பிடி மிச்சமிருந்தால் பாசி மறுபடி தழைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த தாவரவியல். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது இந்த ஏற்பாட்டுக்கு முன்னின்றதற்காகத்தான். சட்டம் இடத்தை மூடியது. அவர்கள் காலத்தையும் கருவியையும் கட்டுப்படுத்தினார்கள். பாசிக்கு வேண்டிய ஓய்வு இரண்டாவது வழியிலும் கிடைக்கிறது, ஆனால் மாதத்தில் பன்னிரண்டு நாள் கூலி மிஞ்சுகிறது.

இந்தக் கரைக்கு அது புதிய யோசனையும் அல்ல. சங்கு குளிப்பில் விட்டம் இரண்டேகால் அங்குலத்துக்குக் குறைந்த சங்கைக் கடலுக்கே திருப்பிவிட வேண்டும் என்ற அளவு விதி பிரிட்டிஷார் காலத்திலேயே இருந்தது. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று கடலையே நாளால் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாடு இன்றும் இருக்கிறது. எல்லா விதியும் எல்லாக் காலத்திலும் மதிக்கப்பட்டதில்லை. மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று 1983ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் சொன்னதை எத்தனை படகு கேட்டது என்று நாட்டுப்படகுக்காரரிடம் கேட்டால் சிரிப்பார். இருந்தாலும் அளவு, நாள், கருவி என்று கட்டுப்படுத்துவது தொழிலை வைத்துக்கொண்டே உயிரினத்தைக் காக்கும் வழி என்பது இங்கே யாருக்கும் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சில தொழில்களை முழுதாக நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்பதையும் மறைக்கக் கூடாது. தூத்துக்குடிப் பக்கத்தில் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை உடைத்துச் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பினார்கள். பவளம் வளர்வது வருடத்துக்கு மில்லிமீட்டர், சென்டிமீட்டர் கணக்கில். உடைப்பது டன் கணக்கில். மிச்சம் வைத்து எடுப்பது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லாமல் தீவு கரைந்தது. 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. வான் தீவைக் காக்கக் கடலில் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று. 2005 வாக்கில் பவளம் எடுப்பது நின்றது. அந்த ஆண்டு சுமார் 37 சதவீதமாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு 2009இல் ஏறக்குறைய 43 சதவீதமாக உயர்ந்தது என்று தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்பு காட்டியது. பின்னர் 2010இலும் 2016இலும் கடல்நீர் சூடேறிப் பவளம் வெளுத்ததில் அது மறுபடி சரிந்தது என்பது வேறு கதை. தன் முதலையே தின்னும் வேலையை நிறுத்துவது சரி. ஆனால் நிறுத்துவது சரி என்பதால் நிறுத்தப்பட்டவரின் நாளைய கூலிக் கேள்வி தானாகத் தீர்ந்துவிடாது.

எது முழுதாக நிறுத்த வேண்டியது, எது அளவோடு விட வேண்டியது என்று பிரிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கடலட்டை சாட்சி. மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கம் அட்டை குளிப்பதும் பதப்படுத்துவதும் நல்ல வருமானம் தந்த தொழில். குடலெடுத்து அவித்து, மணலில் புதைத்து, மேல்தோலின் சுண்ணாம்புப் படிவத்தைத் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்துக் காயவைப்பார்கள். கிழக்காசியச் சந்தைக்குப் போகும். வரத்து குறைவது தெரிந்ததும் 1982இல் மத்திய அரசு மூன்று அங்குலத்துக்கும் சிறிய அட்டையை ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது. 1988இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் அட்டைக் குஞ்சு பொரிக்கும் உத்தியும் கைகூடியது. அளவு விதியை இறுக்குவது, குஞ்சு வளர்ப்பது, குளிப்பவருக்கு உரிமம் கொடுப்பது என்ற பாதை திறந்திருந்தது. 2001இல் எல்லாக் கடலட்டையும் புலி, யானையோடு ஒரே அட்டவணைக்குப் போயிற்று. வேலை மறையவில்லை, இடம் மாறியது. உரிமத்தோடு பிடிக்கவும் வளர்க்கவும் அனுமதிக்கும் இலங்கை சில மணி நேரப் படகுப் பயணம். இந்தப் பக்கம் திருட்டுத்தனமாகப் பிடித்தது அந்தப் பக்கம் கடத்தப்பட்டு ஏற்றுமதிச் சரக்காகிறது. மண்டபத்திலும் வேதாளையிலும் மூட்டை மூட்டையாகப் பிடிபடும் செய்தி நின்றபாடில்லை. குளிப்பவனுக்குச் சிறை, கடத்துபவனுக்கு இலாபம். சட்டபூர்வமாகப் பிடிக்காததால் பிடிப்புக் கணக்கும் இல்லை. கடலில் எவ்வளவு மிச்சம் என்று சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

பழைய வேலையை நிறுத்திவிட்டுப் பசுமை வேலை கொடுத்தால் போதும் என்பாரும் உண்டு. அதற்கும் இங்கேயே கணக்கு இருக்கிறது. கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் குஜராத்துக்குக் கொண்டுவந்தது; பின்னர் அது மண்டபத்துக்கு வந்தது. 2000 வாக்கில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்ப்பைப் பரப்பியதால் ஊரில் அதற்குப் ‘பெப்சிப் பாசி’ என்றே பெயர். மூங்கில் மிதவையில் கட்டிய சுமார் 60 கிலோ விதைப்பாசி 45 நாளில் 200 கிலோவைத் தாண்டும். 2001இல் 21 டன்னாக இருந்த உலர்பாசி உற்பத்தி 2012-13இல் ஏறக்குறைய 1,500 டன்னை எட்டியது. சுயஉதவிக் குழுப் பெண்கள் பலர் கையில் முதன்முதலாக நிலையான பணம் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே பாசி கூட்டம் கூட்டமாகச் செத்தது, உற்பத்தி சரிந்தது. இன்னொரு பக்கம், மிதவையிலிருந்து தப்பிய பாசி குருசடைத் தீவருகே பவளத்தின் மீது போர்வையாகப் படர்ந்து மூச்சடைப்பதை 2008இல் அறிவியலாளர்கள் பதிவு செய்தார்கள். அதற்கு முன்பே, 2005இல், மன்னார் வளைகுடாவின் பூங்காப் பகுதிக்கு வெளியேதான் இதை வளர்க்க வேண்டும் என்று மாநில அரசு ஆணை போட்டிருந்தது. ஒற்றை இனம், ஒற்றைச் சந்தை, வெப்பமாகிவரும் கடல் என்ற மூன்றின் மேல் நிற்கும் வேலையைப் பசுமை என்று பெயரிட்டதால் அது உறுதியாகிவிடாது.

பாக் விரிகுடாவில் இலங்கைக் கடலுக்குள் போகும் இழுவைமடிப் படகுகளின் பிரச்சினைக்கு வகுத்த தீர்வு இன்னொரு பாடம். இலங்கை 2017 ஜூலையில் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. அதே ஆண்டு, 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகளாக மாற்ற 1,600 கோடி ரூபாய்த் திட்டம் இந்தியாவில் அறிவிக்கப்பட்டது. படகு ஒன்றுக்கு 80 இலட்சம்: பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக்கடன், 10 சதவீதம் பயனாளி. தாராளமான மானியம்தான், ஆனால் இலக்கில் சிறு பகுதிதான் நிறைவேறியது. அதிகம் போனால் பதினைந்து மீட்டர் ஆழமுள்ள கடலில் இரவு போய் மறுநாள் திரும்பிப் பழகியவரை, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டிலில் சூரை பிடிக்கச் சொன்னது அந்தத் திட்டம். அது படகு மாற்றம் மட்டுமல்ல, தொழில் மாற்றம், வாழ்க்கை மாற்றம். கூடவே, பணம் படகின் பெயருக்கு வந்தது. டீசல் செலவு கழித்து மீதியைப் பங்கிட்டுக்கொள்ளும் கடலாளியின் பெயருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. படகு உரிமையாளர் ஒருவர், அந்தப் படகில் போகிறவர் பலர். மாற்றத்துக்கான பணம் சிலருக்கு, மாற்றத்தின் சுமை எல்லாருக்கும்.

கடலை விட்டுச் சற்று உள்ளே போனால் கமுதி. அங்கே 648 மெகாவாட் சூரியமின் நிலையம் 2016இல் முடிந்தது. சுமார் 2,500 ஏக்கர். எட்டு மாதத்தில் 8,500 பேர் கட்டினார்கள் என்பது நிறுவனத்தின் கணக்கு. 8,500 வேலை என்றால் பெரிய எண். அதை ஆள்-ஆண்டாக மாற்றுவோம்: 8,500 பேர் எட்டு மாதம் என்றால் ஏறக்குறைய 5,700 ஆள்-ஆண்டு. நிலையத்தின் ஆயுள் 25 வருடம் என்று வைத்தால் வருடத்துக்குச் சுமார் 230 பேருக்கான வேலை. பலகையைத் துடைப்பதற்குக்கூட அங்கே ரோபோ இருக்கிறது. நாட்டுக்குச் சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. நிலக்கரிப் புகை குறைந்தால் வெளுக்கும் பவளத்துக்கும் அது நல்லது. ஆனால் கட்டுமான எட்டு மாதத்து ஆள்கணக்கை நிரந்தர வேலைக்கணக்கு போலச் சொல்வது, பாசிப் பெண்ணின் இழப்பை மொத்தக் கணக்கில் ஒளித்துவைப்பதற்குச் சமமான பிழை. வேலையை எண்ணும்போது எத்தனை பேர் என்பதோடு எத்தனை நாள், எந்த ஊர் ஆள் என்று மூன்றையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதலாவது: ஏழைக்கு முதலில் சோறு, சூழல் பிறகு, வசதி வந்தபின் தடை போடலாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து இப்படித்தான் காத்திருந்தது. 1968இல் வடக்குக் காட் மீன் பிடிப்பு எட்டு இலட்சம் டன்னைத் தொட்டது. வேலை போய்விடும் என்று ஒதுக்கீட்டைக் குறைக்காமல் தள்ளிப் போட்டார்கள். 1992 ஜூலை 2ஆம் தேதி மொத்தமாகத் தடை போட வேண்டியதாயிற்று. ஒரே வீச்சில் 30,000 பேருக்கு வேலையில்லை. முப்பத்திரண்டு வருடம் கழித்து 2024இல்தான் வணிகப் பிடிப்பை மறுபடி, அதுவும் 18,000 டன் என்ற சிறு அளவில், திறந்தார்கள். பணக்கார நாடு என்பதால் நிவாரணம் கொடுத்தார்கள். இராமநாதபுரத்துக்கு அந்த வசதி கிடையாது. சோறு முதலில் என்பவருக்குத்தான் கட்டுப்பாடும் முதலில் தேவை, சிறிதாகவும் சீக்கிரமாகவும்.

இரண்டாவது மறுப்பு காப்பாளர்களுடையது, கனமானதும் கூட. அளவு விதி, நாள் விதி, உரிமம் என்று விலக்கு கொடுத்தால் ஓட்டை விழும். நூறு கிராமத்தில் யார் எந்த அளவு அட்டை பிடித்தார் என்று சோதிக்கக் காவலர் எங்கே? முழுத் தடையை அமல்படுத்துவது எளிது. எளிது என்பதை அனுபவம் ஆமோதிக்கவில்லை. கடலட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக முழுத் தடை இருக்கிறது, கடத்தலும் இருக்கிறது. ஆழம் குறைந்த இந்தக் கடலில் வனத்துறையின் சில படகுகளைவிட, தினம் தண்ணீரில் இறங்கும் பாசிப் பெண்களின் கண் அதிகம் பார்க்கும். தன் பிழைப்பு சட்டத்துக்குள் இருக்கிறது என்றால் அவர் காவலர். வெளியே தள்ளப்பட்டால் வேவு பார்த்து ஒதுங்கிப் போகிறவர். அழியும் விளிம்பில் இருக்கும் ஆவுளியா (கடற்பசு) போன்ற உயிருக்கு விலக்கே கூடாது என்பது நியாயம்தான். மீண்டும் தழைக்கக்கூடிய பாசிக்கும் அதே கதவைச் சாத்துவது நியாயமல்ல.

மூன்றாவது மறுப்பு பொருளியல் அறிந்தவர்களுடையது: மொத்தத்தில் நாட்டுக்கு ஆதாயம் என்றால் சட்டம் நல்லதுதான், நட்டப்பட்டவரை ரேஷன் அரிசியும் பொதுநலத் திட்டமும் பார்த்துக்கொள்ளும், அதைச் சூழல் சட்டத்தோடு ஏன் போட்டுக் குழப்ப வேண்டும்? குழப்பவில்லை, இரண்டும் ஏற்கெனவே ஒரே முடிச்சு. கடலுக்கு வேலி கிடையாது. தடையின் பலன், தடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் அதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ரேஷன் அரிசி பசியாற்றும். பாசிக்குப் போகாத நாளின் கூலியை ஈடுசெய்யாது. ஈடுசெய்யாவிட்டால் அவர் போவார். அதனால் இழப்பீட்டைக் கருணைக் கணக்கில் எழுதக் கூடாது. அது காவல் செலவின் ஒரு பகுதி, வழக்குச் செலவையும் ரோந்துச் செலவையும் போல.

இதிலிருந்து நடைமுறைக்கு வரும் முடிவு எளியது. எந்தச் சூழல் அறிவிப்பும் தன் கூடவே ஒரு வேலைக்கணக்கையும் வெளியிட வேண்டும்: எந்தத் தொழில் செய்பவர், எந்த ஊரில், எத்தனை நாள் கூலி இழப்பார்; ஆதாயம் யாருக்கு, எந்த ஆண்டிலிருந்து. அந்த இரண்டு பட்டியலும் ஒன்றாக இருந்தால் இடைக்காலக் கூலி கொடுத்தால் போதும். அது நூறுநாள் வேலைக் கூலிக்குக் குறையக் கூடாது. பட்டியல்கள் வேறு வேறு என்றால், ஆதாயம் பெறுபவரிடமிருந்து நட்டப்படுபவருக்குப் பணமோ உரிமையோ போகும் வழி அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். கருவி, காலம், அளவு ஆகியவற்றை முதலில் கட்டுப்படுத்திப் பார்த்து, அதனால் முடியாதபோதே இடத்தை மூட வேண்டும். மாற்றத்துக்கான மானியம் படகுக்குப் போகும்போது அதில் ஒரு பங்கு படகில் போகிறவரின் கணக்குக்கும் போக வேண்டும். இதைச் சோதிக்க வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரில் 2022இல் அறிவிக்கப்பட்ட ஆவுளியாப் பாதுகாப்பகத்தின் மேலாண்மை விதிகளில் நாட்டுப்படகுக்காரரின் நாள்கணக்கு எங்கே வருகிறது, வளமாவூரில் 127.7 கோடி ரூபாயில் வரும் கடற்பாசிப் பூங்காவில் இயற்கைப் பாசி எடுத்துவந்த பெண்கள் உரிமையாளர்களாக வருகிறார்களா, தினக்கூலிகளாக வருகிறார்களா என்று பார்த்தாலே போதும். அரசாங்கம் பழைய நாற்பது வருடத்திலிருந்து எதையாவது கற்றுக்கொண்டதா என்பது அந்த இரண்டு பதில்களில் தெரிந்துவிடும்.